பவுடர் கோட்டிங் உரிந்தால், கொப்பளித்தால், வெளுத்தால்: பைக் பாகங்களில் எதை முதலில் பார்ப்பது

சென்னை கொட்டிவாக்கத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பதினோரு வருடமாகப் பழைய வண்டிகளைப் பிரித்துக் கட்டுகிறேன். பெரும்பாலும் ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், எப்போதாவது ஒரு யெஸ்டி. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் யாராவது ஒருவர் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, "கோட்டிங் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, பாருங்கள்" என்று சேஸிஸைக் காட்டுவார். பவுடர் கோட்டிங் என்றால் பெயின்டுக்குப் பதில் தூளை அடித்து, ஓவனில் சுட்டு உருக்கிப் படலமாக்குவது. அதில் ஒரே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் நான் பார்க்கிற வரிசையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

எதைக் கண்டாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். உரிந்த செதிலைக் கீழே போடாமல் திருப்பிப் பாருங்கள். தப்பு பவுடரிலா, ஓவனிலா, அதற்கு முன்னால் இரும்பைச் சுத்தம் செய்த இடத்திலா என்று அதன் பின்பக்கம் பெரும்பாலும் சொல்லிவிடும். நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டு தடவை சுத்தம் செய்ததில்தான் தப்பு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புது பிளேடு, அகலமான நல்ல செல்லோ டேப், கொஞ்சம் வெள்ளை பனியன் வேஸ்ட், தின்னர், மல்டிமீட்டர், டார்ச். தின்னரை வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பயன்படுத்துங்கள்.

உரிகிறது: நகத்தால் நெம்பினால் தகடாகக் கழன்று வருகிறது

செதிலைத் திருப்பினீர்களா? எப்படி இருக்கிறது என்று பார்த்து அந்தந்த வழியில் போங்கள்.

*கண்ணாடி மாதிரி வழவழப்பு, அடியில் இருக்கும் இடமும் பளபளக்கிறது.* குரோம் மேலேயே பவுடர் அடித்திருக்கிறார்கள். ரிம், ஹேண்டில் பார், லெக் கார்டு மூன்றிலும் இதுதான் வழக்கமான கதை. குரோம் மேல் பவுடருக்குப் பிடிமானமே இல்லை, ஓரிடத்தில் கிளம்பினால் கடைசி வரை வரும். இதற்கு டச்சப் செய்வது வீண். முலாம் பட்டறையில் கொடுத்துக் குரோமை எடுத்துவிட்டு, பிறகு பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் அடித்துச் சுரண்டுவது), பிறகு கோட்டிங் என்று முதலிலிருந்து வர வேண்டும். குரோம் ரொம்பக் கெட்டி, சாதாரண மணல் அடித்து எடுத்துவிடலாம் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

*பின்னால் வேறு நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறது.* பழைய பெயின்ட் முழுதாகப் போகவில்லை. பெரும்பாலும் ஸ்டாண்டு முளை, இன்ஜின் மவுண்டிங் உள்பக்கம், வெல்டிங் மூலை மாதிரி மணல் நேராகப் படாத இடங்களில் வரும். அந்த மூலைகளில் மட்டும் என்றால் அங்கே மட்டும் சுரண்டி டச்சப் போதும்.

*பின்பக்கம் செங்கல் நிறத் தூள்.* பிளாஸ்டிங் முடிந்து இரும்பு சும்மா கிடந்திருக்கிறது. மணல் அடித்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி, சென்னை ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு பூத்துவிடும். மாலையில் பிளாஸ்டிங் செய்து மறுநாள் காலையில் பவுடர் அடித்தால் அந்தத் துருவையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். நாலைந்து இடங்களில் இப்படி வந்தால் மற்ற இடங்களிலும் உள்ளே அதுதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

*கறுப்பாக, பிசுபிசுப்பாக, லேசாக கிரீஸ் வாடை.* ஃபோர்க் பாட்டம், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பிவட், இன்ஜின் கவர். ஆயில் சீல், புஷ், பேரிங் எதையாவது கழற்றாமல் கொடுத்திருப்பீர்கள் அல்லது கழற்றிய பின் உள்ளே இருந்த கிரீஸைக் கழுவியிருக்க மாட்டார்கள். ஓவன் சூட்டில் அது உருகி வழிந்து, பவுடர் பிடிப்பதற்கு முன்னால் இரும்பில் பரவிவிடும். அந்தச் சுற்று வட்டாரத்தோடு நின்றுவிடும் கோளாறு, பயப்பட வேண்டாம்.

*பின்னால் வெறும் இரும்பு, துரு இல்லை, சொரசொரப்பும் இல்லை.* பிளாஸ்டிங் செய்யவில்லை, பாஸ்பேட்டும் (பவுடர் பிடிக்கவும் துரு வராமலிருக்கவும் இரும்பில் ஏற்றும் ரசாயனப் படலம்) போடவில்லை. தின்னரில் துடைத்து அப்படியே அடித்திருக்கிறார்கள். செலவு அதிகமாகும் வழி இதுதான்.

*செதில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுகிறது, நிறம் கீழேயே தங்கிவிட்டது.* மேலே போட்ட கிளியர் கோட் மட்டும் உரிகிறது. முதல் அடுக்கை முழுதாக வேகவைத்துவிட்டு அதன்மேல் இரண்டாவதை அடித்தால் இரண்டும் ஒட்டாது. கேண்டி கலர் போட்ட ரிம்களில் அடிக்கடி பார்க்கிறேன். இது உங்கள் கையில் இல்லை, அடித்தவரிடமே கொண்டு போங்கள்.

இப்போது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிய வேண்டும். சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத ஓரிடத்தில் புது பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அதன் குறுக்கே ஆறு கோடு, இரும்பு வரை இறங்குகிற மாதிரி கீறுங்கள். தூசியைத் தட்டிவிட்டு டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் எல்லாம் அங்கேயே இருந்தால் கோட்டிங் நன்றாகத்தான் இருக்கிறது, உரிந்த இடத்தை மட்டும் கவனித்தால் போதும். ஓரங்கள் கொஞ்சம் உதிர்ந்தால் ஒரு வருடம் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் டச்சப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மொத்தத்தையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான். இந்தச் சோதனையை இன்னும் இரண்டு இடங்களில், ஸ்விங் ஆர்ம் அடியில் ஒன்று, முன் ட்யூபின் பின்பக்கம் ஒன்று என்று செய்த பிறகு முடிவெடுங்கள். கீறிய இடத்தை டச்சப் செய்து மூட மறக்காதீர்கள்.

பொட்டுப் பொட்டாகப் போயிருக்கிறது: கல் பட்ட இடம், செயின் பட்ட இடம்

முன் ட்யூபின் கீழ்ப்பாதி, இன்ஜினுக்கு அடியில் வரும் குழாய், ஸ்விங் ஆர்மின் செயின் பக்கம், ஃபுட் ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு நுனி. இங்கெல்லாம் போவது கோட்டிங்கின் குறை இல்லை. 60 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும் படலம் அது, ஈசிஆரில் லாரி டயர் தெறிக்கவிடும் ஜல்லியை எவ்வளவுதான் தாங்கும்.

செயின் பக்கம் மட்டும் கோடாகத் தேய்ந்திருந்தால் செயின் தொளதொளவென்று இருக்கிறதா, செயின் உரசும் ரப்பர் தேய்ந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரப்பர் சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை மாற்றாமல் மேலே எந்தப் பெயின்ட் அடித்தாலும் மூன்று மாதம்தான்.

மற்ற பொட்டுகளில் ஒரே கேள்வி: துரு பொட்டோடு நிற்கிறதா, கோட்டிங்குக்கு அடியில் ஊர்கிறதா? பொட்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரம் கெட்டியாக இரும்போடு இருந்தால் இன்றைக்கே மூடிவிடலாம். ஓரம் மெல்ல மேடேறி, அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கினால் துரு உள்ளே போய்விட்டது. கடலோரத்தில் இது வேகமாக நடக்கும். இரவில் உப்புக்காற்றோடு பனி இறங்குகிறது, காலையில் வெயிலில் காய்கிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது. ஒரு மிளகு அளவு பொட்டு ஒரு மழைக்காலத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உள்ளே பரவியதைப் பார்த்திருக்கிறேன், மேலே பார்த்தால் அப்போதும் மிளகளவுதான் தெரிந்தது.

மூடும் முறையை நிதானமாகச் சொல்கிறேன், இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். முதலில் பிளேடால் ஓரத்தை நெம்பி நெம்பி எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரும் வரை நிறுத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிறதே என்று மனசு கஷ்டப்பட்டாலும் சரி. பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் துரு முழுதும் போய் இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேயுங்கள். அடுத்து 320, கடைசியில் 400 போட்டு, சுற்றியுள்ள கோட்டிங்கின் விளிம்பையும் ஒரு விரலகலத்துக்குச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. சுற்றியுள்ள பளபளப்பையும் மங்கலாக்க வேண்டும், மினுங்குகிற கோட்டிங் மேல் பெயின்ட் பிடிக்காது.

குழிகளில் கறுப்பாகத் துருப்புள்ளிகள் மிச்சம் இருந்தால் பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கியைத் தொட்டு வைத்து, டப்பாவில் சொன்ன நேரம் கழித்துத் தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையர் வைத்து உடனே காயவையுங்கள். பிறகு தின்னரில் ஒரு துடைப்பு. அதற்கு மேல் இரும்பை விரலால் தொடக் கூடாது. வியர்வையும் உப்புத்தான். இரண்டு பொருள் கலக்கும் எபாக்ஸி பிரைமரை மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் விட்டு இரண்டு பொருள் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் இரண்டு பூச்சு. கார் பெயின்ட் கடையில் நிறத்தைக் காட்டினால் சின்ன அளவில் கலந்து தருவார்கள். குலுக்கி அடிக்கிற ஸ்ப்ரே டப்பா வேண்டாம், பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தால் கரைந்து வழியும். பவுடரை அந்த இடத்துக்கு மட்டும் அடித்துத் தர முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, ஓவனுக்குள் முழுப் பாகமும் போக வேண்டும்.

கொப்புளம், ஊசித் துளை

மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

*இன்ஜின் கவர், ஹப், அலாய் வீல் ஆகியவற்றில் கோட்டிங் போட்டு வந்த அன்றே ஊசி குத்தியது மாதிரி துளைகள்.* வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் பல வருட ஆயில் ஊறியிருக்கும். சூடேறும்போது காற்றும் ஆயிலும் வெளியே வந்து, பிடித்துக்கொண்டிருக்கும் பவுடரைத் துளைத்துவிடும். பவுடர் அடிப்பதற்கு முன்னால் பாகத்தை வெறுமனே ஒரு தடவை ஓவனில் வைத்து எடுத்திருக்க வேண்டும். இன்ஜின் கவரில் நாலைந்து துளை என்றால் பார்வைக்குத்தான் குறை. அலாய் வீலில் என்றால் வால்வு பக்கமும் டயர் உட்காரும் விளிம்பும் சேர்த்துப் பாருங்கள், ட்யூப்லெஸ் டயரில் காற்று இறங்க அதுவும் ஒரு காரணம் ஆகலாம். சோப்பு நுரை தடவினால் தெரிந்துவிடும்.

*சேஸிஸில் அடிபட்டு நிமிர்த்திய இடத்தில், அல்லது டேங்க் பக்கத்தில், பெரிய உப்பல்.* குத்திப் பாருங்கள், உள்ளே மாவு மாதிரி உதிர்ந்தால் பட்டி. சாதாரணப் பட்டி ஓவனின் 180, 200 டிகிரியைத் தாங்காது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு டிங்கரிடம் காட்டுங்கள். பட்டிக்கு அடியில் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

*வெல்டிங் இணைப்பு ஓரமாகக் கோடு பிடித்த கொப்புளம், அதிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர்.* இது எனக்கே நடந்தது. 1994 ஆர்எக்ஸ் ஒன்றின் ஸ்விங் ஆர்ம். கோட்டிங் போட்டு மூன்று மாதம், அருமையாக இருந்தது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, குறுக்குக் குழாய் சேரும் இடத்தில் ஒரு பழுப்புக் கோடு. துணியால் துடைத்தேன், போய்விட்டது. இரண்டு நாளில் அதே இடத்தில், அதே நீளத்தில் திரும்ப வந்தது. மறுபடி துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது வெல்டிங் மணிகளுக்கு நடுவில் முடி அளவு இடைவெளி, அதிலிருந்து ஒரு சொட்டு மெல்ல உருண்டு திரண்டு நின்றது. விரலில் தொட்டபோது லேசாக எரிந்தது. சமையல் சோடாவை ஒரு சிட்டிகை வைத்தேன், நுரைத்தது.

துரு எடுக்கப் போட்ட அமிலத் தொட்டியிலிருந்து கொஞ்சம் அமிலம் குழாய்க்குள் தங்கிவிட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது, அது உள்ளிருந்தே தின்றுகொண்டு வெளியே கசியும். எனவே உங்களுக்கும் கொப்புளம் இணைப்பு ஓரமாகவே வந்தால் சமையல் சோடா வைத்துப் பாருங்கள். நுரைத்தால் பாகத்தைக் கழற்றி, குழாயின் திறந்த துளைகள் வழியாகச் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி ஆட்டி ஆட்டி வெளியே விடுங்கள். நுரை நிற்கும் வரை, பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை. ஒரு நாள் முழுதும் வெயிலில் சாய்த்து வைத்துக் காயவைத்து, உள்ளே துருத் தடுப்பு ஆயிலோ மெழுகோ விடுங்கள். அதன் பிறகுதான் வெளியே டச்சப். நான் அப்படிச் செய்த ஸ்விங் ஆர்ம் நாலு மழை தாண்டி இன்றும் ஓடுகிறது.

நுரைக்கவில்லை, ஆனால் பழுப்புத் தண்ணீர் வருகிறது என்றால் உள்ளே மழைநீர் தேங்கியிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் பலவற்றில் சேஸிஸ் குழாய்க்குள் சேறே இருந்தது. பவுடர் குழாயின் உள்பக்கம் போகவே போகாது, உள்ளே எப்போதும் வெறும் இரும்புதான். இரும்புச் சுத்தியலின் பின்முனையால் கொப்புளத்தைச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ, ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே அமுங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியை ஓட்டாமல் சேஸிஸ் வேலை தெரிந்த வெல்டரிடம் கொண்டு போங்கள்.

வெளுக்கிறது: கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது

கறுப்புத் துணியால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வந்தால் வெயில் படும் பக்கமும் படாத பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

இரண்டு பக்கமும் மங்கல் என்றால் பவுடரைச் சந்தேகிக்காதீர்கள், வாட்டர் வாஷ் கடையைச் சந்தேகியுங்கள். கறை போக அமிலம் கலந்த தண்ணீர், அதற்கு மேல் டீசல் என்று அடிக்கிற கடைகள் உண்டு. ஒரு மாதம் வீட்டில் வெறும் ஷாம்பூ தண்ணீரில் கழுவி, மெழுகு பாலிஷ் போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் திரும்பும். மேட் கறுப்பில் மட்டும் பாலிஷ் போடாதீர்கள், திட்டுத் திட்டாக மினுங்கும்.

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்து, சீட்டுக்கு அடியில் புதிதாக இருந்தால் அடித்தது எபாக்ஸி அல்லது எபாக்ஸி பாலியஸ்டர் கலவை. வீட்டுக்குள் இருக்கும் பீரோவுக்கும் ரேக்குக்கும் அது சரி, துருவையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயிலுக்கு நிற்காது. வெளியில் நிற்கும் வண்டிக்கு ப்யூர் பாலியஸ்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். வெளுத்துவிட்டதற்காக உடனே எல்லாவற்றையும் சுரண்ட வேண்டாம். மேலே சொன்ன பிளேடு சோதனையில் பிடிமானம் நன்றாக இருந்தால், 400 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பியூ பெயின்ட் அடிக்கலாம். அடியில் இருக்கும் எபாக்ஸி நல்ல பிரைமராக வேலை செய்யும்.

மெத்தென்று இருக்கிறது: நகம் பதிகிறது, பெட்ரோல் பட்டால் ஒட்டுகிறது

வேகவில்லை. தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஓரிடத்தில் இருபது தடவை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். துணியில் லேசாக நிறம் வருவது சகஜம், பளபளப்பும் கொஞ்சம் மங்கலாம். ஆனால் கோட்டிங் பிசுபிசுத்து இளகினால் ஓவனில் சூடு போதவில்லை.

கனமான பாகங்களில் இது அதிகம். பவுடர் டப்பாவில் 200 டிகிரியில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் அது இரும்பின் சூடு, ஓவன் காற்றின் சூடு இல்லை. மெல்லிய மட்கார்டு ஸ்டே சீக்கிரம் சூடாகிவிடும், ஃபோர்க் டி (ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கனமான பாகம்) சூடேறி வர நேரம் எடுக்கும். இரண்டையும் ஒரே ரேக்கில் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று வெந்திருக்கும், ஒன்று வெந்திருக்காது. உங்கள் வண்டியிலும் மெல்லிய பாகங்கள் நன்றாக இருந்து கனமானவை மட்டும் இளகினால் காரணம் இதுதான்.

நல்ல சேதி, இதைச் சுரண்ட வேண்டியதில்லை. பாகத்தைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தால் திரும்ப ஓவனில் வைத்து வேகவைத்துத் தரலாம். அடித்த உடனேயே கண்டுபிடித்தால்தான் இது சுலபம், ஆறு மாத ஆயிலும் கீறலும் ஏறிய பிறகு வைத்தால் அழுக்கையும் சேர்த்துச் சுட்டது மாதிரி ஆகும். அதனால் பாகங்கள் கைக்கு வந்த அன்றே, வண்டியில் ஏற்றும் முன், கண்ணில் படாத இடத்தில் தின்னர் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுச் சமையல் ஓவனில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சாப்பாடு செய்யும் ஓவனில் கூடவே கூடாது.

சைலன்சர், பெண்டு பைப்பில் நிறம் மாறிப் பொரிகிறது

சோதனை எதுவும் வேண்டாம். சாதாரண பாலியஸ்டர் அங்கே நிற்காது, இன்ஜினை ஒட்டிய பெண்டு பைப் 400 டிகிரிக்கு மேல்கூடப் போகும். சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கான் அடிப்படையிலான ஹீட் பெயின்டோ, அதற்கென்றே வரும் பவுடரோ போடுங்கள்.

கோட்டிங் அருமை, ஆனால் வண்டியில் புதிதாகக் கோளாறு

இதை யாரும் கோட்டிங்கோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒருவர் பாட்டரி மாற்றி, ரிலே மாற்றி, வயரிங் கிட்டே மாற்றிய பிறகு என்னிடம் வந்தார். கோளாறு ஒரு போல்ட்டுக்கு அடியில் இருந்தது.

*ஹார்ன் மெலிகிறது, இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கிறது, செல்ஃப் இழுக்கவில்லை, ஸ்பார்க் வரவில்லை.* பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் உட்காரும் இடத்தை மூடிவிட்டார்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறு முனையை சேஸிஸில் வெறும் இரும்பு தெரியும் போல்ட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, வாஷர் அளவுக்கு மட்டும் இரும்பு வரை சுரண்டி, வாஸ்லின் தடவி முடுக்குங்கள். பழைய வண்டிகளில் இக்னிஷன் காயில் சேஸிஸில் உட்காரும் இடமே அதற்கு எர்த், அதையும் பாருங்கள்.

*இன்ஜின் மவுண்டிங் போல்ட் அடிக்கடி தளர்கிறது, அதிர்வு கூடிவிட்டது.* ஒரு போல்ட்டின் பிடிக்குள் பிளேட்டின் இரண்டு பக்கம், சேஸிஸின் இரண்டு பக்கம் என்று நாலு அடுக்கு இருந்தால், ஒவ்வொன்றும் 80 மைக்ரான் என்று வைத்தாலே 0.3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அங்கே நசுங்கிக்கொண்டிருக்கிறது. நசுங்க நசுங்க போல்ட் தளரும். திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டே இருந்தால் மரை போய்விடும். போல்ட் தலையும் பிளேட்டும் அழுத்தும் முகங்களில் கோட்டிங்கை எடுத்துவிட்டு, மெல்லிசாக கிரீஸ் தடவி முடுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் அதோடு முடிந்தது. டிஸ்க் பிரேக் உட்காரும் ஹப் முகத்திலும் இதே கதை, அங்கே கோட்டிங் சமமில்லாமல் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிக்கும்.

*ஹேண்டில் கனக்கிறது, நடுவில் மாட்டிக்கொள்கிறது.* கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கப் உட்காரும் இடத்தில் பவுடர். அதை வீட்டில் அரம் வைத்து ராவ வேண்டாம், கோணல் ஆனால் சேஸிஸே போச்சு. லேத் பட்டறையில் கொடுங்கள். பேரிங் உட்காரும் எல்லா இடங்களுக்கும் இதே பதில்தான்.

*சேஸிஸ் நம்பர் படிக்க முடியவில்லை.* பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஆபீஸ் போகும்போதுதான் தெரியவரும். பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எழுத்து வந்தால் சரி. வராவிட்டால் அங்கே உப்புத்தாளே தொடக் கூடாது, பெயின்ட் ரிமூவரைத் தடவி ஊறவைத்துப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். அப்படியும் எண் மழுங்கித் தெரிந்தால், நீங்களாக எதையும் குத்த வேண்டாம், சட்டப்படி பெரிய தொல்லை. ஆர்சி புத்தகத்தோடு ஆர்டிஓவிலேயே கேளுங்கள்.

மயிர்க்கோடு மாதிரி விரிசல்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இந்தப் பட்டியலில் உயிர் சம்பந்தப்பட்டது இதுதான். வெல்டிங் ஓரம், ஹெட் ஸ்டாக் (ஹேண்டில் உட்காரும் குழாய்) அடி, ஸ்டாண்டு முளை, அலாய் வீல் ஆரம் ஆகியவற்றில் ஒரு கோடு தெரிந்தால், கோட்டிங்தான் வெடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். நல்ல கோட்டிங் இரும்போடு சேர்ந்து கொஞ்சம் வளையும், காரணம் இல்லாமல் ஒரே கோடாக வெடிக்காது. அந்த இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டுங்கள். கோடு இரும்பிலும் இருந்தாலோ, சந்தேகமாக இருந்தாலோ, சிவப்பு மை தடவி வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை செய்யும் பட்டறைக்குப் போங்கள். இரும்பு சேஸிஸை வெல்டு வைக்கலாம். விரிசல் விட்ட அலாய் வீலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

திரும்பப் போடத்தான் வேண்டும் என்று முடிவானால்

புல்லட் டேங்க் ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தபோது, அம்பத்தூரில் கோட்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் ஈயப்பற்று இருக்கிறது, ஓவனில் வைத்தால் திறந்துகொள்ளும்" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். பெட்ரோல் ஆவி மிச்சம் இருக்கும் டேங்க் ஓவனில் வெடிக்கவும் செய்யும். டேங்கைப் பெயின்டருக்குக் கொடுங்கள், பவுடருக்கு வேண்டாம். இப்படிக் கேட்காமலேயே வேண்டாம் என்று சொல்லும் ஆளைக் கண்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பாகத்தைக் கொடுக்கும்போது பழைய கோட்டிங்கை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். அலாய் வீலை நெருப்பில் எரித்து எடுப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வீலுக்கு வலு வந்ததே 150, 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் பக்குவமாக வைத்து எடுத்ததால்தான், அதற்கு மேல் நீண்ட நேரம் சுட்டால் அந்த வலு குறையும். ரசாயன ரிமூவர் போதும், ஓவனிலும் அளவுக்கு மேல் ஒரு நிமிடம் வைக்கக் கூடாது. ஒரே வீலுக்கு மூன்றாவது நான்காவது தடவை கோட்டிங் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இரும்புக்கு என்றால் பிளாஸ்டிங் எப்போது, பவுடர் எப்போது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நாளில், முடிந்தால் நாலு மணி நேரத்துக்குள். ஏழு தொட்டி வைத்துப் பாஸ்பேட் போடும் பட்டறை என்றால் நல்லது, ஆனால் மூடிய குழாய் உள்ள ஸ்விங் ஆர்மை அமிலத்தில் முக்க வேண்டாம், மணல் மட்டும் அடியுங்கள் என்று தனியாகச் சொல்லுங்கள். கடலோர வண்டிக்கு எபாக்ஸி பிரைமர் பவுடர் ஒரு அடுக்கு, அதன்மேல் ப்யூர் பாலியஸ்டர் ஒரு அடுக்கு. முதல் அடுக்கைப் பாதி வேக்காட்டில் எடுத்துவிட்டு இரண்டாவதை அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறைக்க வேண்டிய இடங்களை நீங்களே மறைத்துக் கொடுப்பது உத்தமம். மரைகளில் பழைய போல்ட்டைப் போட்டுக் கொடுங்கள், எர்த் இடத்துக்கும் பேரிங் இடங்களுக்கும் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லிச் சாக்பீஸால் வட்டமிட்டு, கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பருக்குப் பட்டறை வாசலிலேயே ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.